தானாக மூச்சு விடுகிறார், குழாயை ஏன் எடுக்கவில்லை?

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்ட என் அண்ணன் (வயது 36) ஒன்பது நாட்களாக வென்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று அரை மணி நேரம் தானாகவே மூச்சு விட்டாராம். ஆனாலும் குழாயை எடுக்கவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கிறார், ஆனால் தெளிவு இல்லை. முழு நினைவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? எப்போது எடுக்கலாம் என்று முன்கூட்டியே கணிக்க முடியாதா?

பதில்: அந்த அரை மணி நேரச் சோதனை, மெஷின் துணையில்லாமல் மூச்சு விட முடியுமா என்பதை மட்டுமே சொல்லும். குழாயை எடுத்த பிறகு எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இறங்காமல் அவரால் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது வேறு கேள்வி. தலைக்காயம் பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் வருவது இதில்தான்.

ஆகவே டாக்டரும் நர்ஸும் கவனிப்பது சின்னச் சின்ன விஷயங்களை. சக்‌ஷன் (சளி உறிஞ்சும்) குழாய் உள்ளே போனதும் பலமாக இருமுகிறாரா, முகத்தைச் சுளிப்பதோடு சரியா? எச்சிலை விழுங்கப் பார்க்கிறாரா, வாயோரம் வழிகிறதா? சளியை எத்தனை தடவை எடுக்க வேண்டியிருக்கிறது? மணிக்கு இரண்டு தடவைக்கு மேல் போகாவிட்டால் நல்ல அறிகுறி. கட்டிலருகே நடப்பவரைக் கண் பின்தொடர்கிறதா? 'இரண்டு விரலைக் காட்டுங்க' என்றால் காட்டுகிறாரா?

முழு நினைவு வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. குழாய் இருக்கும்போது பேச்சைச் சோதிக்க முடியாது என்பதால் கண் திறப்பு, பேச்சு, அசைவை வைத்து நினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா மதிப்பெண்ணும் அரைகுறைதான். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் நினைவுக்காக மட்டும் குழாயை விட்டுவைத்தவர்களுக்கு நிமோனியா அதிகம் வந்ததை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவசரத்தில் மட்டுமல்ல, தாமதத்திலும் ஆபத்து இருக்கிறது.

கணிப்புக்கு வருவோம். 2017-இல் வந்த 'விசாஜ்' ஸ்கோர் நான்கைப் பார்க்கிறது: கண் பின்தொடர்தல், விழுங்கும் முயற்சி, 40-க்குக் குறைந்த வயது, 10-க்கு மேற்பட்ட கோமா மதிப்பெண். இவற்றில் குறைந்தது மூன்று இருந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்குக் குழாய் எடுத்தது வெற்றி. வயது அண்ணனுக்குச் சாதகம்தான். ஆனால் 18 நாடுகளில் நடந்து 2022-இல் வெளியான 'ஏனியோ' ஆய்வில், குழாய் எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஐந்து நாட்களுக்குள் அது பலிக்கவில்லை. அதனால் ஸ்கோரைத் துணைக்கு வைத்துக்கொள்வேனே தவிர, அதை நம்பித் தேதி குறிக்க மாட்டேன்.

'எப்போ எடுப்பீங்க?' என்பதைவிட, 'இருமல் எப்படி? சளி குறைந்ததா? எதற்காகக் காத்திருக்கிறோம்?' என்று கேளுங்கள், தெளிவான பதில் கிடைக்கும். டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைப்பது) பற்றிப் பேச்செடுத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம். தேறிய பின் பலருக்கு அதையும் எடுத்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஒன்று: குழாய் எடுத்ததும் பாவம் தாகமாக இருக்குமே என்று தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். விழுங்குவதைச் சோதித்து அவர்கள் சரி என்று சொல்லும்வரை ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்.