முட்டிவலி மாத்திரையும் கால் வீக்கமும்

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. முட்டிவலிக்காக அசெக்ளோபெனாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரையை மூன்று மாதமாகக் காலையும் இரவும் போடுகிறார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்கிறோம். பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை, கூடவே ஆஸ்பிரின் 75. வயிறு புண்ணாகாமலிருக்க பான்டோபிரசோலும் கொடுக்கிறோம். ஆனாலும் இரண்டு வாரமாகக் கால் வீங்குகிறது, பிரஷர் 160-க்குக் கீழே இறங்கவில்லை. வலி மாத்திரைதான் காரணமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் சுரப்பதை அசெக்ளோபெனாக் தடுக்கிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களைச் சுருங்காமல் வைத்திருப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். பான்டோபிரசோல் வயிற்றுக்கு மட்டும் காவல். சிறுநீரகத்துக்கு அதனால் பயனில்லை.

அம்மா போடும் பிரஷர் மாத்திரையால் சிக்கல் கூடுகிறது. வலி மாத்திரை சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் வழியைச் சுருக்கும். டெல்மிசார்டன் வெளியேறும் வழியை விரிக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு நீரை வெளியேற்றும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இருக்காது. வாந்தி, பேதி, கடும் வெயில் சேர்ந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) சில நாளிலேயே ஏறிவிடும். வலி மாத்திரையால் உப்பும் நீரும் உடம்பில் தேங்குவதால்தான் கால் வீங்குகிறது, பிரஷரும் அடங்குவதில்லை. வலி மாத்திரை போடுகிறாரா என்று கேட்காமல் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதும் நடக்கிறது.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓரிரு நாளில் மருத்துவரிடம் எல்லா அட்டைகளையும் எடுத்துப் போய்க் காட்டி கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் பாருங்கள். இதயக் கோளாறிலும் கால் வீங்கும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தாலோ, வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். (இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.) வயிற்றுவலியே இல்லாமல் ரத்தம் கசிவதுண்டு, ஆஸ்பிரினும் சேர்ந்தால் இன்னும் அதிகம்.

அதுவரை வலிக்குத் தனிப் பாராசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று போதும். கல்லீரல் நோய் இருந்தால் அதையும் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டால் வயிறு தப்புமா? தடவும் ஜெல்?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஊசியில் தப்பாது. மருந்து ரத்தத்தில் கலந்துதான் புராஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. எந்த வழியில் உள்ளே போனாலும் இரைப்பைக்கு அதே கதிதான். டைக்ளோபெனாக் ஜெல் வேறு. அதில் ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் சிறு பங்குதான். முட்டிக்கும் கை விரல் மூட்டுக்கும் நன்றாகவே கேட்கும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே எட்டாது. புண்ணான தோலில் தடவக் கூடாது, தடவியபின் இறுக்கிக் கட்டவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. ஆஸ்பிரின் போட்டு மூச்சிரைப்பு வந்தவர்கள் ஜெல்லையும் தொட வேண்டாம்.