தண்டர் மறுபடியும் ஜெயிக்குமா?

கேள்வி (2025-ல், சீசனுக்கு முன் வந்தது): 2025-26 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சீசன் தொடங்கப் போகிறது. ஓக்லஹோமா சிட்டி தண்டர்தான் மறுபடியும் சாம்பியன் என்கிறான் என் நண்பன். நான் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் என்கிறேன். நீங்கள் யார் பக்கம்?

பதில்: உங்கள் நண்பர் பக்கம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன சீசனில் 82 ஆட்டங்களில் 68 வெற்றி, இறுதிச்சுற்றில் இண்டியானாவை 4-3 என்று சாய்த்தார்கள், ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் உட்பட முக்கியமானவர்கள் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள், அதைவிட அந்தத் தடுப்பாட்டத்தை உடைப்பது யாருக்கும் சுலபமில்லை. ஒரே தயக்கம், 2018-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுக்குப் பிறகு எந்த அணியும் பட்டத்தைத் தக்கவைத்ததில்லை. ஏழு வருடம், ஏழு சாம்பியன்கள்!

ராக்கெட்ஸுக்கு நட்சத்திர வீரர் கெவின் டுரான்ட் வந்திருக்கிறார், சரி. ஆனால் ஆட்டத்தை நடத்த வேண்டிய ஃப்ரெட் வான்வ்லீட் சீசனுக்கு முன்பே முழங்காலில் அடிபட்டுக் கிடக்கிறாரே, கடைசி நிமிடங்களில் பந்தை நிதானமாகக் கையாள ஆள் வேண்டாமா?

அப்புறம் கிழக்குப் பிரிவு, இறுதிச்சுற்றுக்கு ஒரு அணி அங்கிருந்துதான் வரும். அங்கே நட்சத்திர வீரர்களான பாஸ்டனின் டேட்டம், இண்டியானாவின் ஹாலிபர்ட்டன் இருவருக்குமே குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. அதே பிரிவில் இருக்கும் நியூயார்க் நிக்ஸுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.