பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் போதுமா?

கேள்வி: உயர்திறன் சிப்களையும் அவற்றைத் தயாரிக்கும் கருவிகளையும் சீனாவுக்கு விற்பதற்கு 2022 அக்டோபரில் அமெரிக்கா கடும் கட்டுப்பாடு விதித்தது. உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினராக இருந்துகொண்டே ஒரு நாடு இப்படிச் செய்யலாமா?

பதில்: பொது விதிப்படி செய்யக் கூடாது. உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை வணிக ஒப்பந்தமான காட் (GATT) ஒப்பந்தத்தின் 11-வது பிரிவு, வரி விதிப்பைத் தவிர வேறு வழிகளில் ஏற்றுமதியைத் தடுப்பதை விலக்குகிறது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 21-வது பிரிவு, அணுப்பொருள், ஆயுத வணிகம், போர்க்காலம் அல்லது சர்வதேச உறவில் நேரும் நெருக்கடி தொடர்பாக, தன் பாதுகாப்புக்குத் தேவை என்று ஒரு நாடு கருதும் நடவடிக்கைகளை அனுமதிக்கிறது. தேவை உண்டா இல்லையா என்பதைத் தடை விதித்த நாடே தீர்மானிக்கலாமா என்பதில்தான் சிக்கல். 1985-இல் நிகரகுவா மீது அமெரிக்கா வணிகத் தடை விதித்தபோது, அதை விசாரித்த குழுவுக்கு இந்தக் கேள்விக்குள் நுழையவே அதிகாரம் தரப்படவில்லை.

முதல் தெளிவான விடை 2019 ஏப்ரலில், உக்ரைன் தொடுத்த வழக்கில் வந்தது. கஜகஸ்தானுக்குச் செல்லும் உக்ரைன் சரக்கு பெலாரஸ் வழியாகவே ரஷ்யாவுக்குள் நுழைய வேண்டும், அதற்கு அடையாள முத்திரை இட வேண்டும், லாரி ஓட்டுநர் பதிவு அட்டை வைத்திருக்க வேண்டும் என்று 2016-இல் ரஷ்யா உத்தரவிட்டிருந்தது. பாதுகாப்பு என்று சொன்ன பிறகு அதை ஆராயக் குழுவுக்கு அதிகாரம் இல்லை என்பது ரஷ்யாவின் வாதம். அமெரிக்காவும் ஏறக்குறைய அதையே சொன்னது (இவ்விரு நாடுகளும் ஒரே குரலில் பேசுவது அபூர்வம்). குழு அந்த வாதத்தை ஏற்கவில்லை. நெருக்கடி உண்மையிலேயே இருந்ததா என்பதைத் தானே ஆராய்ந்து, 2014 முதல் இருந்தது என்று கண்டு, ரஷ்யாவுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

2022 டிசம்பரில், பாதுகாப்பைக் காரணம் காட்டி அமெரிக்கா விதித்த எஃகு, அலுமினிய வரிகளை இதே அளவுகோலால் அளந்த மற்றொரு குழு, அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை என்றது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. ஆனால் மேல்முறையீட்டு அமைப்புக்கு உறுப்பினர் நியமனத்தை அமெரிக்காவே தடுத்துவந்ததால், 2019 டிசம்பர் முதல் அது செயலிழந்து கிடக்கிறது. விசாரிக்க ஆளில்லாத இடத்துக்குப் போன தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. சிப் கட்டுப்பாட்டை எதிர்த்து 2022 டிசம்பரிலேயே சீனா வழக்குத் தொடுத்தது. அதில் வென்றாலும், சீனாவுக்குக் காகிதத்தில் ஒரு வெற்றிதான் மிஞ்சும் என்பது என் கணிப்பு.

கேள்வி: சிப் தயாரிக்கும் தைவான் நிறுவனம் அமெரிக்கச் சட்டத்துக்கு ஏன் பணிய வேண்டும்?

பதில்: வெளிநாட்டில் செய்த பொருளாக இருந்தாலும், குறிப்பிட்ட அமெரிக்கத் தொழில்நுட்பத்தையோ மென்பொருளையோ கொண்டு செய்திருந்தால், அமெரிக்க அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. 2020-இல் அது சீனத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஹுவாவேயைக் குறிவைத்து விரிவாக்கப்பட்டபோது, தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி தன் பெரிய வாடிக்கையாளரான அந்த நிறுவனத்துக்குச் சிப் அனுப்புவதையே நிறுத்தியது. மீறினால் அமெரிக்கக் கருவிகளும் மென்பொருளும் கிடைக்காமல் போகும் என்ற நிலையில், எந்தச் சிப் ஆலையும் உலக வர்த்தக அமைப்பு இயங்கும் ஜெனீவாவின் தீர்ப்புக்காகக் காத்திருக்காது.