வேறு சிஸ்டத்தின் ஹெல்ப் ஃபைலை நம் சிஸ்டத்தில் படிப்பது எப்படி? கேள்வி பதில்

வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

லினக்ஸுக்கு மாறிவிட்டேன். பழைய சாஃப்ட்வேரின் மேனுவல் எல்லாம் சிஎச்எம் ஃபைலாக இருக்கிறது. விண்டோஸ் இல்லாமல் படிக்க வழி உண்டா அண்ணா?

தாராளமாக உண்டு. சிஎச்எம் என்பது 1997 வாக்கில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஹெல்ப் ஃபைல் வடிவம். உள்ளே இருப்பது சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களும் படங்களும்தான், அவற்றைச் சுருக்கி ஒரே ஃபைலாகக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. எக்ஸ்சிஎச்எம், கேசிஎச்எம்வியூவர் என்ற ரீடர்கள் இரண்டில் ஒன்றைப் போட்டால் பொருளடக்கம், தேடல் எல்லாமே கிடைக்கும். எழுத்து கோணல்மாணலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஃபைல் கெட்டுப்போகவில்லை. பழைய பக்கங்கள் பலவற்றில் எந்த என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறை எது என்று எழுதியே இருக்காது, அந்த நாட்டு விண்டோஸின் அமைப்பை நம்பி விட்டிருப்பார்கள். ரீடரின் மெனுவில் என்கோடிங்கை மாற்றிப் பாருங்கள்.

நான் 7-ஜிப் வைத்துப் பிரித்துவிட்டேன். பிரவுசரில் பக்கம் திறக்கிறது, ஆனால் பாதிப் படங்கள் வரவில்லை, சில லிங்க்கும் வேலை செய்யவில்லை. ஏன்?

அநேகமாக எழுத்தளவுதான் காரணம். விண்டோஸில் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை, லினக்ஸில் பார்க்கும். பக்கத்துக்குள் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள், படத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், எழுதியவர் கணினியில் அது ஒருநாளும் பிரச்சினை தந்திருக்காது. ஃபைல் பெயர்களையும் லிங்க்குகளையும் சேர்த்தே சிறிய எழுத்துக்கு மாற்றினால் சரியாகும், ஒன்றை மட்டும் மாற்றினால் இன்னும் குழம்பும். படிக்க மட்டும்தான் வேண்டும் என்றால் பிரிக்காமல் ரீடரிலேயே படியுங்கள் என்பதுதான் என் யோசனை. பிரித்த ஃபோல்டரில் எச்எச்சி என்று முடியும் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள், பொருளடக்கம் அதில்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பது விண்டோஸ்தான் சார். டவுன்லோடு செய்த சிஎச்எம்மில் இடப்பக்கம் தலைப்புகள் வருகின்றன, வலப்பக்கம் வெறுமை.

ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள், கீழே அன்பிளாக் என்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். நெட்வொர்க் டிரைவில் இருந்தால் முதலில் உங்கள் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இந்தத் தடை காரணமில்லாமல் வைத்ததில்லை, சிஎச்எம்முக்குள் ஸ்கிரிப்ட் ஒளித்து வைரஸ் அனுப்புகிறவர்கள் உண்டு, அதனால் யாரென்றே தெரியாதவர் அனுப்பியதை அன்பிளாக் செய்யவே செய்யாதீர்கள்.

எச்எல்பி ஃபைல்?

இதில்தான் எனக்கு உண்மையான கவலை. சிஎச்எம்முக்கு முந்தைய விண்டோஸ் ஹெல்ப் வடிவம் இது, 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்தது, விஸ்டாவிலேயே அதைப் படிக்கும் புரோகிராமை எடுத்துவிட்டார்கள். 8.1 வரை தனியாக டவுன்லோடு செய்ய முடிந்தது, விண்டோஸ் 10க்கு அதுவும் கொடுக்கவில்லை. ஆக, சொந்த சிஸ்டமே கைவிட்டதை விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் வைன் இன்றும் பெரும்பாலும் திறந்து காட்டுகிறது. ஹெல்ப்டெகோ என்ற சின்னக் கருவி எச்எல்பியைப் பிரித்து ஆர்டிஎஃப் ஆக்கித் தரும், அதை எந்த வேர்டு பிராசஸரிலும் திறக்கலாம். உங்களிடம் எச்எல்பி இருந்தால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்தும் திறக்கக் கருவி கிடைக்காமல் போனால் அந்த மேனுவல் போனது போனதுதான்.

லினக்ஸ் மேன் பக்கம் ஒன்றை விண்டோஸுக்கு எடுத்து வந்தேன். நோட்பேடில் வரிக்கு வரி புள்ளியும் ஏதோ குறியும்தான் தெரிகிறது.

மேன் பக்கம் என்பது லினக்ஸ் கட்டளைகளுக்கான கையேடு, அதை எழுதியிருப்பது ட்ராஃப் குறியீட்டில், வரி தொடக்கத்தில் வரும் புள்ளிதான் தலைப்பு, பத்தி என்று பிரித்துச் சொல்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டிருந்தால் மேன் கட்டளைக்கு சிறிய எல் ஆப்ஷன் கொடுத்து ஃபைலின் பாதையைத் தாருங்கள், நேராகத் திறக்கும். எப்போதும் பக்கத்தில் வேண்டும் என்றால் லினக்ஸ் பக்கத்திலேயே மேண்டாக் அல்லது க்ராஃப் என்ற கருவி மூலம் எச்டிஎம்எல்லாக மாற்றி எடுத்து வருவது நல்லது. ஃபைல் பெயர் ஜிஇசட் என்று முடிந்தால், க்ராஃபுக்குக் கொடுக்கும் முன் அதை விரிக்க வேண்டும்.

ரீட்மீ முழுக்க ஒரே வரியாக வருகிறதே?

யூனிக்ஸில் வரி முடிவுக்கு ஒரே குறி, விண்டோஸில் இரண்டு. பழைய நோட்பேடுக்கு ஒற்றைக் குறி புரியாது. 2018க்குப் பிந்தைய விண்டோஸ் 10 நோட்பேடுக்குப் புரியும், பழைய சிஸ்டம் என்றால் நோட்பேட்++ போதும்.

மேக் ஹெல்ப் ஃபைலை விண்டோஸில் நகலெடுத்தால் ஃபோல்டராக வருகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை, மேக்கிலும் அது ஃபோல்டர்தான், ஒரே ஃபைல் போலக் காட்டுகிறது. உள்ளே கன்டென்ட்ஸ், அதற்குள் ரிசோர்சஸ் என்று போய், எல்ப்ரோஜ் என்று முடியும் மொழி ஃபோல்டரைத் திறந்தால் எச்டிஎம்எல் பக்கங்கள் இருக்கும், பிரவுசரிலேயே படிக்கலாம்.