வாசகர் கேள்வி – பதில்: கொரியத் தொடரை எப்படி விமர்சிப்பது?

கிழக்காசியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியின் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இவ்விதழில் விடையளிக்கிறேன்.

நான் பார்க்கும் கொரியத் தொடர்களைப் பற்றிக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். படித்த தோழியர், "கதைச் சுருக்கம் இருக்கிறது, விமர்சனம் எங்கே?" என்று கேட்கிறார்கள். எப்படி எழுத வேண்டும்? – கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி

உங்கள் தோழியர் கேட்பது நியாயமே. ஆனாலும் கதையைச் சுருக்கமாகச் சொல்லத் தெரிவதும் ஒரு திறமைதான். அதை இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் அடக்கப் பழகினால் மீதி இடம் முழுவதும் விமர்சனத்துக்குக் கிடைத்துவிடும். பதினாறு, இருபது மணி நேரம் ஓடிய ஒரு தொடரை முழுவதுமாக அளந்துவிட முயலாமல், அதன் இயல்பு நன்கு தெரியும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, அது என்ன செய்கிறது, எவ்வாறு செய்கிறது என்று எழுதுங்கள்.

2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை டிவிஎன் அலைவரிசையில் ஒளிபரப்பான 'ரிப்ளை 1988' தொடரை எடுத்துக்கொள்வோம். அது சியோல் நகரில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. முதல் பகுதியிலேயே, இரவு உணவு நேரத்தில் ஒரு தாய் தன் சமையலில் ஒரு தட்டைப் பக்கத்து வீட்டுக்குப் பிள்ளையிடம் கொடுத்தனுப்ப, அந்த வீட்டிலிருந்து பதிலுக்கு வேறொன்று வர, பிள்ளைகள் தட்டும் கையுமாகச் சந்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அலுத்துப்போகிறார்கள். இதை "மனத்தைத் தொட்ட காட்சி" என்று எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது. யார் எந்த வீட்டுப் பிள்ளை, எந்தத் தாய்க்கு எந்தத் தாய் நெருக்கம் என்பதையெல்லாம் அறிமுக உரை ஏதுமின்றிச் சில நிமிடங்களில் நமக்கு மனப்பாடமாக்கிவிடும் உத்தி அது என்று எழுதினால், அங்கே விமர்சனம் தொடங்கிவிடுகிறது.

வேலூர் கொசப்பேட்டையின் நெருக்கமான தெருக்களில் வளர்ந்தவருக்கு அந்தச் சந்து அந்நியமாகத் தோன்றாது என்பதையும் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் "அப்படியே நம் ஊர்தான்" என்று சொல்லி நின்றுவிட்டால் நம் ஊரைத்தான் பார்த்தோம், தொடரைப் பார்க்கவில்லை என்றாகிவிடும். கதாநாயகியின் தந்தை வங்கி ஊழியர். இருந்தும், பிறருக்குப் பிணை நின்று கடனில் சிக்கியதால், அக்குடும்பம் வசதியான அண்டை வீட்டாரின் மாடிக்குக் கீழே, பாதி தரைக்கு அடியில் இருக்கும் அறைகளில் குடியிருக்கிறது. அந்தப் பெண்ணோ 1988 சியோல் ஒலிம்பிக் அணிவகுப்பில் பெயர்ப்பலகை ஏந்தத் தேர்வானவள். நாடு செழிப்பைக் கொண்டாடும் ஆண்டில் கடனடைக்கும் ஒரு வீட்டைக் கதையின் நடுவில் வைத்தது ஏன் என்று நீங்கள் கேட்டு எழுதினால், அந்தப் பக்கத்தை நானே விரும்பிப் படிப்பேன்.

மற்றொன்று: எழுதியவர், இயக்கியவர் பெயர்களைத் தவறாமல் குறித்து வையுங்கள். கொரிய ரசிகர்கள் நடிகர்களுக்கு இணையாகத் தொடரின் எழுத்தாளரையும் பின்தொடர்கிறார்கள். 'ரிப்ளை 1988'ஐ எழுதிய லீ ஊ-ஜங், இயக்கிய ஷின் வோன்-ஹோ ஆகியோரின் மற்றத் தொடர்களையும் பார்த்தால், ஒரு பெருங்கதையைவிட ஒரு கூட்டத்தின் அன்றாடத்தில் அவர்களுக்குள்ள ஈடுபாடு தானாகவே புலப்படும். நடிகர்மீது உங்களுக்குள்ள அன்பை மறைக்க வேண்டாம். அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர் அதற்கேற்பக் கழித்துக்கொள்வார்.

கொரியத் தொடர்கள் பதினாறு பகுதிகளில் முடிந்துவிடுகின்றன. நம் தொடர்களோ ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. அவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு எப்படி வந்தது? – காலணித் தொழிற்சாலை ஊழியர், ஆம்பூர்

அந்தக் கட்டுப்பாடு அங்கே எல்லாத் தொடர்களுக்கும் இல்லை. வாரத்துக்கு இரண்டு பகுதிகளாக எட்டு வாரம் ஓடும் குறுந்தொடர்களே ஓடிடி தளங்கள் வழியாக நம்மிடம் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. கேபிஎஸ் போன்ற அலைவரிசைகளில் திங்கள் முதல் வெள்ளி வரை ஓடி நூறு பகுதிகளைத் தாண்டும் தினசரித் தொடர்களும், ஐம்பது பகுதிகள் அளவுக்கு நீளும் வார இறுதிக் குடும்பத் தொடர்களும் உண்டு. மாமியார் கொடுமை, பிறப்பு இரகசியம், நினைவிழப்பு ஆகிய அனைத்தும் அவற்றில் நம் வீட்டுத் தொடர்களுக்குக் குறையாமல் கிடைக்கும்.

ஜப்பானில் ஒரு பருவத் தொடர் மூன்று மாதத்துக்குள், வாரம் ஒன்றாக ஏறத்தாழ பத்துப் பகுதிகளில் முடியும். அதே நாட்டில் 1983 ஏப்ரல் முதல் ஓராண்டு ஓடிய என்எச்கே நிறுவனத்தின் 'ஓஷின்' 297 பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். சீனாவில் 70 பகுதிகளுக்கு மேல் நீண்ட அரண்மனைத் தொடர்கள் சாதாரணமாக இருந்த நிலையில், 40 பகுதிகளுக்கு மேல் போகக் கூடாது என்று 2020இல் அரசே அறிவுறுத்தியது.

விமர்சகர் இதைத் தெரிந்துகொள்வதில் பயன் இருக்கிறது. கொரியாவில் வெகுகாலம் ஒளிபரப்பு தொடங்கிய பின்பும் படப்பிடிப்பு நடந்துகொண்டே இருந்தது. அவ்வாரக் காட்சிகளுக்குரிய வசனம் கடைசி நேரத்தில்தான் நடிகர் கைக்கு வரும். முழுவதும் முன்கூட்டியே எடுத்து முடிக்கப்பட்ட 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' 2016இல் பெரும் வெற்றி பெற்றபோது, அம்முறையே செய்தியாகப் பேசப்பட்டது. ஆகவே, பழைய தொடர் ஒன்று பன்னிரண்டாம் பகுதிக்குமேல் தள்ளாடினால், எழுத்தாளரின் கற்பனை வறட்சியை மட்டும் காரணம் காட்ட முடியாது. கதாபாத்திரங்கள் காரணமே இல்லாமல் ஒரே கடையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பதற்கும் இப்படி ஒரு பின்னணி உண்டு: அங்கே கேபிள் இன்றி ஆன்டெனா வழியாகவே கிடைக்கும் தரைவழி அலைவரிசைகளில் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் போட 2021 வரை அனுமதி இருக்கவில்லை. எனவே, விளம்பரப் பொருள் கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏற்றுமதித் தொழில் சார்ந்த ஊரில் பணியாற்றும் உங்களுக்கு, ஒரு வணிக நிறுவனத்தின் தற்காலிக ஊழியனைப் பற்றிய 'மிசேங்' (2014, 20 பகுதிகள்) பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதில் காதல் அநேகமாக இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவமனைத் தொடர்களைப் பார்க்கும்போது பிழைகளே கண்ணில் படுகின்றன. என்னைப் போன்றவர் விமர்சனம் எழுதலாமா? – செவிலியர் பயிற்சி மாணவி, பாகாயம்

நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் பிழைப் பட்டியலாக எழுத வேண்டாம்; நெஞ்சழுத்தும் முறை தவறு, முகக்கவசம் மூக்குக்குக் கீழே இருக்கிறது என்பவற்றை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, வேலை யாருடையதாகக் காட்டப்படுகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலான மருத்துவத் தொடர்களில் நோயாளியின் படுக்கையருகே நின்று ஆறுதல் சொல்வதிலிருந்து இரவு முழுவதும் கண்விழிப்பது வரை மருத்துவரே செய்கிறார். அவ்வேலைகளை உண்மையில் செய்யும் செவிலியர் கோப்பை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஒன்றாகப் படித்த ஐந்து மருத்துவ நண்பர்களைப் பற்றிய 'ஹாஸ்பிட்டல் பிளேலிஸ்ட்' (2020, 2021) தொடரை நான் மிகவும் விரும்பிப் பார்த்தேன். ஆயினும் அதைக்கூட இந்தக் கேள்வியோடு நீங்கள் அணுகி எழுதுவதைப் படிக்க விரும்புகிறேன். முன்பு சொன்ன லீ ஊ-ஜங், ஷின் வோன்-ஹோ இணையின் படைப்புதான் அதுவும்.

எம்பிசி அலைவரிசையின் 'டே ஜாங் கம்' (2003–04, 54 பகுதிகள்) உங்களுக்கு வேறொரு வகையில் பயன்படும். அரண்மனைச் சமையற்கூடத்தில் தொடங்கி மன்னரின் மருத்துவராக உயரும் பெண்ணின் கதை அது. கொரியாவை அன்று ஆண்ட ஜோசான் அரச மரபின் வரலாற்றுக் குறிப்புகளில் 16ஆம் நூற்றாண்டு மன்னர் ஜுங்ஜோங்கின் காலத்தில் ஜாங்கம் என்ற மருத்துவப் பெண் சில இடங்களில் மட்டுமே குறிப்பிடப்படுகிறார். மற்றவை எழுத்தாளரின் கற்பனை. அக்காலக் கொரியாவில் பெண் நோயாளிகள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தயங்கியதால்தான் தாழ்ந்த நிலையிலிருந்த பெண்களுக்கு மருத்துவம் கற்பிக்கப்பட்டது. ஆண் மருத்துவரை அனுமதிக்காததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய பணியை அறிந்த உங்களுக்கு, இத்தொடரின் இரண்டாம் பாதி வெறும் அரண்மனைச் சூழ்ச்சியாகத் தோன்றாது.

தமிழ் டப்பிங்கில் பார்ப்பவர்கள் உண்மையான ரசிகர்கள் இல்லை என்று என் தங்கை மகள் கேலி செய்கிறாள். – இல்லத்தரசி, குடியாத்தம்

அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தமிழ்நாட்டில் பலருக்குக் கொரியத் தொடர்கள் அறிமுகமானதே பத்தாண்டுகளுக்கு முன்பு புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழில் ஒளிபரப்பியபோதுதான். அடுப்பையும் கவனித்துக்கொண்டு எழுத்துகளைப் படிப்பது எல்லாராலும் ஆகாது. ஒரே ஒரு நிபந்தனை: நடிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதாயின், முக்கியமான காட்சிகளையாவது மூலக் குரலில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சீனத் தொடர்களில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே மூல ஒலியிலேயே நடிகருக்கு வேறொரு குரல் கலைஞர் பேசியிருப்பது மிகவும் சாதாரணம், எனவே, "என்ன குரல்!" என்று நாயகனைப் புகழ்வதற்கு முன் பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' கதைக்குப் பல நாட்டு வடிவங்கள் இருக்கின்றனவாமே? எது சிறந்தது? – மாணவர், காட்பாடி

யோகோ கமியோ வரைந்த ஜப்பானியச் சித்திரக்கதைதான் மூலம். தைவான் 2001இலும், ஜப்பான் 2005இலும், கொரியா 2009இலும், சீனா 2018இலும் அதைத் தொடராக்கின. ஜப்பானிய வடிவத்தின் முதல் பருவம் 9 பகுதிகள். கொரிய வடிவம் 25. என் தெரிவு ஜப்பானியது: பணக்கார மாணவர்கள் ஏழைப் பெண்ணை வதைப்பதை அது அழகுபடுத்தும் முன்பே கதை நகர்ந்துவிடுகிறது. கொரிய வடிவத்தின் ஆடம்பரத்தில் மயங்கியவர்கள் என்மீது கோபிக்கக்கூடும்.

பார்வையாளர் விழுக்காட்டைத் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்ளலாமா? – வாசகர், வாலாஜாப்பேட்டை

கூடாது; ஆனால் அது ஏறிய விதத்தைக் கவனிக்கலாம். 2022இல் ஈஎன்ஏ என்ற சிறிய கேபிள் அலைவரிசையில் வந்த 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ' 0.9 விழுக்காட்டில் தொடங்கி 17.5 விழுக்காட்டில் முடிந்தது. பார்த்தவர்கள் பிறரிடம் சொல்லிச் சொல்லி வளர்ந்த எண்ணிக்கை அது.

பல ஆண்டுகளுக்கு முன் வந்த தொடருக்கு இப்போது விமர்சனம் எழுதுவதில் பொருள் உண்டா? முடிவைச் சொல்லிவிடலாமா? – பட்டு நெசவாளர், ஆரணி

நிச்சயமாக உண்டு. 2016இல் வந்த 'சிக்னல்' என்ற கொரியத் தொடர், 1986 முதல் 1991 வரை அந்நாட்டின் ஹ்வாசாங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளை நினைவில் வைத்து எழுதப்பட்டது. அப்போது குற்றவாளி யாரென்று தெரியாது. 2019இல் மரபணுச் சோதனை வழியாக, வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்த ஒருவர் அடையாளம் காணப்பட்டார். விடை தெரியாத காலத்து ஏக்கத்தோடு எழுதப்பட்ட அத்தொடரை இன்று பார்த்து எழுதும் விமர்சனம், 2016இல் எழுதியதைப் போல இருக்கவே முடியாது. ஆகவே பார்த்த ஆண்டையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

முடிவைப் பொறுத்தவரை, தொடர் எதை மறைத்து வைத்து நம்மை உட்கார வைக்கிறதோ அதை மட்டும் சொல்லாதீர்கள். 'ரிப்ளை 1988' பெண்ணின் கணவர் யார் என்று கேட்டுச் சிலர் எனக்கும் எழுதியிருக்கிறார்கள். இருபது பகுதிகளையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.