கோழிக்குக் குடல் தள்ளிவிட்டது, காப்பாற்ற முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். முன்பு தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள்தான், அதனால் கோழி எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் இது செல்லக்கோழி. முட்டைப் பண்ணையில் கழித்துவிட்ட சிவப்புக் கோழியை என் மகள் அறுக்க விடாமல் பவுனு என்று பெயர் வைத்து வளர்க்கிறாள். அது பெரிய பெரிய முட்டையாக இட்டுக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் பார்த்தால் பின்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சிவப்பாகச் சதை தொங்குகிறது, மற்ற கோழிகள் அதைக் கொத்தப் பார்க்கின்றன. பக்கத்து வீட்டு ஆச்சி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசச் சொல்கிறார். என் வீட்டுக்காரர், "கஷ்டப்படுது, அறுத்துடலாம்" என்கிறார். மகள் அழுகிறாள். என்ன செய்வது?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை பவுனு தாங்காது என்பதால் சுருக்கமான பதிலை உடனே உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டோம். அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பண்ணையில் கழித்த முட்டைக்கோழியை வீட்டில் வைத்திருப்பவர்கள் பலர், இந்தத் தொல்லை அவர்களைத்தான் அதிகம் தேடி வரும்.

முதலில் பவுனுவைத் தனியாகப் பிரியுங்கள். மருந்து, டாக்டர், வேண்டுதல் எல்லாம் அதற்கப்புறம். கோழிக்குச் சிவப்பைக் கண்டால் கொத்தாமல் இருக்க முடியாது, கூடவே வளர்ந்ததாக இருந்தாலும் சரி. ஒன்று கொத்தி இழுத்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும், கொஞ்ச நேரத்தில் உண்மையான குடலே வெளியே வந்து கதை முடிந்துவிடும். இதில் சாகும் கோழிகள் பல, நோயால் சாவதில்லை, கொத்துப்பட்டுத்தான் சாகின்றன.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் குடல் இல்லை. கோழிக்குப் பின்னால் ஒரே வாசல்தான். எச்சம், அதன் மேல் இருக்கும் வெள்ளைப் பூச்சு (அதுதான் அதன் சிறுநீர்), முட்டை, எல்லாம் அந்த ஒரு வழியில்தான் வரும். முட்டையிடும்போது முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி, காலுறையைப் புரட்டுவதுபோல, முட்டையோடு வெளியே புரண்டு வந்து முட்டையை விட்டுவிட்டு உள்ளே போய்விடும். எச்சம் போகும் அதே வழியில் வந்தும் முட்டை சுத்தமாக இருப்பது அதனால்தான். வெளியே வந்தது திரும்ப உள்ளே போகாமல் நின்றுவிட்டால் அதுதான் இது. பெரிய முட்டை, இரட்டைக்கரு முட்டை, வயிற்றில் கொழுப்பு, சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) குறைவு, வயது, முக்கி முக்கி முட்டை போட வேண்டிய நிலைமை, இவற்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்தாலே போதும். இளம் பெட்டை சீக்கிரமே முட்டைக்கு வந்தாலும் நடக்கும்.

ஆச்சி சொன்ன மருந்து வேண்டவே வேண்டாம். ஆச்சி மேல் மரியாதை இருக்கட்டும், ஆனால் வெளியே தொங்குவது தோல் இல்லை, உள்சவ்வு. சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும். மஞ்சள்தூள் ஈரச் சவ்வில் திப்பிதிப்பியாக ஒட்டிக்கொண்டு, சதை சிவப்பாக இருக்கிறதா கறுத்துவிட்டதா என்று பார்க்கவும் விடாது. அதே காரணத்துக்காக டெட்டால், ஸ்பிரிட், மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் கிட்டே வரக் கூடாது. சுண்ணாம்புச் சத்து பவுனுவின் வயிற்றுக்குள்தான் போக வேண்டும், பின்பக்கத்தில் பூசுவதற்கு இல்லை.

இனி வீட்டில் செய்யக்கூடியது. கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் முக்கால் தேக்கரண்டி உப்பு, அவ்வளவுதான் கழுவும் தண்ணீர். பவுனுவை இடுப்புவரை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பேசினில் கால் மணி நேரம் நிற்க வைத்தால் ஒட்டிய எச்சமும் இறகும் இளகும், கோழியும் அமைதியாகும். மத்தியானம் தகரக் கூரை கொதிக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே வெளியே எடுங்கள். அப்புறம் உப்புத்தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள், துணியால் தேய்க்க வேண்டாம்.

சதை வீங்கிப் பெரிதாக இருந்தால் உள்ளே போகாது. அதற்கு வெள்ளைச் சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து மேலே பூசிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், சீனி வீக்கத்தில் இருக்கும் நீரை இழுத்துவிடும். தேனும் இதே வேலையைச் செய்யும். விளையாட்டாகச் சொல்லவில்லை, மாட்டுக்குக் கருப்பை தள்ளினால் கால்நடை மருத்துவர்களே சீனி பயன்படுத்துவார்கள். அதைக் கழுவிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் வழவழப்பு ஜெல்லோ வேசலினோ தடவுங்கள். மூலத்துக்குப் போடும் களிம்பைப் பூசலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் மரத்துப்போக வைக்கும் மருந்து கலந்திருக்கலாம், அது பறவைக்கு ஆபத்து, விட்டுவிடுங்கள்.

உள்ளே தள்ளும்போது ஒருவர் கோழியைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும், தலையையும் லேசாக மூடினால் துள்ளாது. இன்னொருவர் கையுறை போட்டு (நகம் வெட்டியிருக்க வேண்டும்) சதையின் நடுவில் விரலை வைத்து மெதுவாக, மிக மெதுவாக உள்ளே அழுத்த வேண்டும். கோழி முக்கினால் நிறுத்துங்கள், முக்கி முடித்ததும் மறுபடி அழுத்துங்கள். உள்ளே போனதும் ஈரத்துணியால் வாசலை மூடிச் சில நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வெளியே வரும். பெரும்பாலும் வரத்தான் செய்யும், பயப்படாமல் மறுபடி செய்யலாம், ஆனால் வைக்க வைக்க நிற்கவே மாட்டேன் என்றால் அது டாக்டர் வேலை. அவர் வாசலைச் சுற்றிச் சுருக்குத்தையல் போட்டு, எச்சம் போக வழி விட்டு நிறுத்திவைப்பார், வலிக்கும் வீக்கத்துக்கும் பறவைக்கு ஏற்ற அளவில் மருந்து கொடுப்பார். நமக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதி உடைத்து வாயில் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வேண்டாம்.

சதை கறுத்துவிட்டால், கிழிந்திருந்தால், உள்ளே முட்டை சிக்கியிருப்பது கைக்குத் தட்டுப்பட்டால், அல்லது எச்சமே போகவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். சிக்கிய முட்டையை வீட்டில் உடைக்காதீர்கள், ஓட்டுத் துண்டு உள்ளே கீறிவிடும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் வருகிறது, முதலில் மாவட்ட வெட்டரினார் (கால்நடை மருத்துவ) அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஈப்போவில் தனியார் கிளினிக்குக்குப் போவதானால் கோழி பார்ப்பார்களா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், நாய் பூனை மட்டும் பார்க்கிற இடங்கள் பல.

ஈயைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நம் வெயிலில், அதுவும் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை இருந்தால், ஈரச் சதையில் ஈ முட்டை வைக்க நேரமே ஆகாது, மறுநாளே புழு நெளியும். ஆகவே கொசுவலை கட்டிய பெட்டியோ கூண்டோ வேண்டும், கீழே வைக்கோலுக்குப் பதில் பழைய துண்டு விரித்து அழுக்காக ஆக மாற்றுங்கள். புழு வந்துவிட்டால் உப்புத்தண்ணீரால் அடித்துக் கழுவிச் சாமணத்தால் எடுங்கள், ஒன்றிரண்டு உள்ளே போனதுபோல் இருந்தால் அன்றைக்கே டாக்டர்.

சரி, சதை உள்ளே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் இங்கேதான் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். நாளைக்கோ மறுநாளோ இன்னொரு முட்டை வரும், அது வந்தால் பழையபடி எல்லாம் வெளியே வந்துவிடும். பவுனுவுக்கு உண்மையான வைத்தியம் என்பது கொஞ்ச நாள் முட்டையை நிறுத்துவதுதான்.

முட்டைக்கு வெளிச்சம் வேண்டும். பண்ணையில் விளக்குப் போட்டு 16 மணி நேரம்கூட வெளிச்சம் காட்டுவார்கள், நம் ஊரில் பகல் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம். நம் வீடுகளில் கூண்டு வாசல் விளக்குக்குக் கீழேயே இருக்கும், விளக்கு ராத்திரி முழுக்க எரியும், கோழிக்கு அது பகல்தான். பவுனுவுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: காலை எட்டுக்குத் திறந்து சாயங்காலம் நாலுக்கு மூடுங்கள். இருட்டாக இருக்க வேண்டும், ஆனால் காற்று வர வேண்டும், கறுப்புப் பிளாஸ்டிக்கைச் சுற்றிப் போட்டால் வெந்து செத்துவிடும். ஸ்டோர் ரூமில் ஜன்னலுக்குத் துணி கட்டி வைப்பது நல்லது. முட்டையோ முட்டை போடும் கூடையோ கண்ணில் படக் கூடாது. இரண்டு வாரம் போல இப்படி வைத்தால் பெரும்பாலும் முட்டை நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள், முட்டையை நிறுத்தத் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் மருந்து உண்டு, விலைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

தீனி விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எழுதவில்லையே தவிர, மிச்சச் சோறு, ரொட்டித் துண்டு, பிழிந்த தேங்காய்ப்பூ எல்லாம் பவுனுவுக்குத்தான் போயிருக்கும், செல்லக்கோழி ஆயிற்றே! ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அந்த ஓடு உருவாக 20 மணி நேரம் ஆகிறது, சோற்றில் அது கிடையாது. தீனியில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுக்கும். அதே சத்துதான் தசை சுருங்கி முட்டையைத் தள்ளவும் வேண்டும். தீவனக் கடையில் முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் என்று கேட்டு வாங்குங்கள், அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம். கறிக்கோழித் தீவனத்தில் 1 சதவீதம் போலத்தான். அதோடு கெராங் (சிப்பி வகை) ஓட்டைக் கழுவிக் காயவைத்து நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்பட்டதைத் தானே கொத்திக்கொள்ளும். பட்டினி போட வேண்டாம், நொறுக்குத் தீனியை மட்டும் நிறுத்துங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். இது ஒரு தடவை வந்த கோழிக்குத் திரும்ப வருவது சகஜம். சதை சிவப்பாக, ஈரமாக இருந்து, கோழி கண்ணைத் திறந்து தீனி கேட்கிறவரை முயற்சி செய்யலாம் என்பது என் எண்ணம். கறுத்து, நாற்றம் எடுத்து, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டால் அதை இழுத்துக்கொண்டிருப்பது மகளுக்காகச் செய்வதாக இருக்குமே தவிரக் கோழிக்காக இருக்காது. அந்த நிலை வந்தால் டாக்டரிடம் கொண்டுபோய் வலி தெரியாமல் முடிக்கச் சொல்லுங்கள், மகளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பண்ணையிலேயே கழித்த பிறகும் அது ஒரு வீட்டு வாசலில் மண்ணைக் கிளறி வாழ்ந்திருக்கிறது, அதுவே பல கோழிகளுக்குக் கிடைக்காதது.

கேள்வி: அண்ணே, என் கோழிக்குச் சதை எதுவும் வெளியே வரவில்லை. ஆனால் பின்பக்க இறகெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, புளித்த நாற்றம் அடிக்கிறது. கழுவினாலும் மறுபடி வருகிறது. இதுவும் அதே நோயா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை தம்பி. இது அந்த வாசலிலேயே வரும் அழற்சி, பல நேரம் காளான் வகைக் கிருமியால் வருவது. நாற்றம்தான் அடையாளம், ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஒட்டிய இறகைக் கத்தரியுங்கள், பிய்க்க வேண்டாம். பூஞ்சணம் பிடித்த டெடாக்கையும் (தவிடு) ஈரத் தீனியையும் முதலில் நிறுத்துங்கள், மழைக் காலத்தில் மூட்டையைத் தரையில் வைத்தாலே கெட்டுவிடும். பேன், குடல்புழு இரண்டையும் பாருங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டரிடம் காளான் மருந்து கேளுங்கள். தீவனக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள், காளானுக்கு அது வேலை செய்யாது, இன்னும் கூட்டிவிடும். ஒன்றுக்கு மேல் கோழிகள் பச்சையாகக் கழிந்து சோர்ந்து விழுந்தால் அது வேறு சங்கதி, உடனே வெட்டரினார் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?
இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: சீனி, உப்புத்தண்ணீர், ஜெல் மட்டும் போட்டிருந்தால், முட்டை ஓடு உடையாமல் சுத்தமாக இருந்தால், நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். ரத்தமோ எச்சமோ ஒட்டியிருந்தால் போட்டுவிடுங்கள். ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் எத்தனை நாள் முட்டையைத் தொடக் கூடாது என்று அந்த டாக்டரிடமே கேட்டு நாள்காட்டியில் குறித்துவையுங்கள், மருந்துக்கு மருந்து அது மாறும். அந்த நாள்வரை முட்டையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகள் கழுவினார்களா என்று நின்று பாருங்கள்.