காவடி மலருக்குத் தலைப்பெழுத்து: கராமோண்டுக்கு எது ஜோடி?

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கோவில் தைப்பூசக் காவடி மலரைப் பிரெஞ்சிலும் தமிழிலும் வேர்டில் தயாரிக்கிறோம். உள்பக்கத்தில் பிரெஞ்சுக்கு ஈபி கராமோண்ட் 11 பாயிண்ட், தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். தலைப்புக்குப் பிளேஃபேர் டிஸ்பிளே போட்டுப் பார்த்தோம், ஒட்டவில்லை. வேறு எதைப் போடலாம்?"

ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. கராமோண்ட் 16ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அச்செழுத்து. பேனாவைச் சாய்த்துப் பிடித்த கையின் சாயல் அதில் தெரியும். வட்ட எழுத்துகளில் மெலியும் இடம் சற்றுச் சாய்ந்தே இருக்கும். பிளேஃபேர் அதற்கு இருநூறு ஆண்டுகள் பிந்திய பாணி: நிமிர்ந்த நிலை, தடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே முடி போன்ற கோடு. இரண்டும் செரிஃப்தான், அதாவது கோடுகளின் முனையில் சிறு குறுக்குக்கோடு உள்ள வகை, ஆனால் ஒரே குடும்பம் இல்லை. வாசகர் கண்ணுக்கு இது தேர்வாகத் தெரியாது, கைதவறி எழுத்துரு மாறியதாகத் தோன்றும். போதாக்குறைக்கு, மலரை நகலெடுத்தால் அந்த மெல்லிய கோடுகள்தான் முதலில் காணாமல் போகும்.

ஆகவே, தலைப்புக்கும் ஈபி கராமோண்டையே பெரிதாக்கிப் போடுங்கள்; இல்லையேல் பார்த்தவுடன் வேறு என்று தெரியும் செரிஃப் இல்லாத எழுத்துக்குப் போங்கள். அதிலும் ஹெல்வெட்டிகா கராமோண்டின் பக்கத்தில் அரசாங்கப் படிவம் போல விறைப்பாக நிற்கும். 1927இல் வந்த ஃபியூச்சுரா காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி. அட்டையில் ஒரு வரிக்கு அழகு, உள்ளே இருபது தலைப்புக்கு அலுப்பு. கராமோண்டோடு இயல்பாகச் சேர்வது கில் சான்ஸ் வகை. பழைய ரோமானியப் பெரிய எழுத்துகளின் அளவு விகிதம் அதில் இருப்பதால், உருவம் வேறானாலும் உறவு தெரியும். இலவசமாக வேண்டுமென்றால் கேபின் என்ற எழுத்துரு.

ஆனால் உங்கள் மலர் இருமொழி மலர். பிரெஞ்சுக்கு ஆயிரம் எழுத்துரு கிடைக்கும், தமிழில் நல்ல தலைப்பெழுத்து கொஞ்சம்தான். அதனால் தமிழை முதலில் தேர்ந்துகொண்டு பிரெஞ்சை அதற்குப் பொருத்துங்கள். என் தேர்வு முக்தா மலர் எழுத்துருவின் செமிபோல்ட், அதாவது அரைத்தடிப்பு. தமிழும் பிரெஞ்சுக்கான லத்தீன் எழுத்தும் ஒரே எழுத்துருவில் இருப்பதால் இரண்டு வரிகளும் ஒரே கை எழுதியது போலிருக்கும். அதைவிட மிகத் தடித்த எக்ஸ்ட்ராபோல்ட் வேண்டாம், சொரசொரப்பான தாளில் 'ணை', 'ஞ', 'ஜ' ஆகியவற்றின் உள்வெளி மையால் அடைந்துபோகும். நம் பிள்ளைகளில் பலர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள், அவர்களுக்கு அலங்கார எழுத்து இரட்டைச் சுமை.

தலைப்பு 18 பாயிண்ட், வரி இடைவெளி 26. பிரெஞ்சுக்கு 22 போதும்; தமிழில் மேலே 'கீ'யின் சுழி, கீழே 'கூ'வின் வால் இரண்டுக்கும் இடம் வேண்டும். தலைப்புக்கு மேலே 20 பாயிண்ட், கீழே 8 விடுங்கள், அப்போதுதான் அது தன் கட்டுரையோடு சேர்ந்து நிற்கும். பிரெஞ்சுத் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு எழுத்துகளை அகட்டி வைப்பது அழகுதான், ஆனால் தமிழை அப்படி அகட்டாதீர்கள்: கொம்பும் காலும் தங்கள் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனித்தனியாகத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே இல்லாததால் அளவும் தடிப்பும் மட்டுமே கைவசம்.

உள்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். கராமோண்டின் சின்ன எழுத்துகள் குள்ளம். நோட்டோ தமிழை அதே 11இல் போட்டால் தமிழ்ப் பத்தி கறுத்து உப்பித் தெரியும். 9.5இல் ஆரம்பித்து, பிரெஞ்சின் சின்ன எழுத்துகளைவிட 'ப' ஒரு மயிரிழை உயரமாக நிற்கும்வரை சரிசெய்யுங்கள்.

வேர்டில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எழுத்துரு பெட்டியில் லத்தீனுக்கு ஒரு வரிசை, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு வேறொரு வரிசை. மேலே மட்டும் மாற்றினால் பிரெஞ்சு மாறும், தமிழ் பழைய அளவிலேயே கிடக்கும். தலைப்பு ஸ்டைலில் இரண்டையும் மாற்றுங்கள். பழைய மலர்களிலிருந்து பாமினியில் அடித்த பக்கங்களை எடுத்தால், முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவைப் போர்த்தியது, எழுத்துருவை மாற்றிய கணத்தில் தலைப்பு வெறும் ஆங்கிலக் குப்பையாகிவிடும்.

இரு மொழித் தலைப்புகளுக்கும் ஒரே அளவு கொடுங்கள். 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனபோது எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது, எப்படி நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள் என்பது நம் ஊரில் யாருக்கும் மறக்கவில்லை.

அச்சகத்துக்கு வேர்ட் கோப்பை அனுப்பாதீர்கள். எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் அனுப்புங்கள். அதற்கு முன் 'ஸ்ரீ', 'ணை', 'கூ', ஆக்சன் குறி ஏறிய (É, À போன்ற) பிரெஞ்சுப் பெரிய எழுத்துகள் எல்லாம் வரும் ஒரு பக்கத்தை அதே தாளில் அடித்துப் பாருங்கள். 'ஸ்ரீ' உடைந்து வந்தால் அந்தச் சொல்லை மீண்டும் தட்டச்சு செய்யுங்கள். அதை இரண்டு விதமாக உள்ளிட முடியும், எல்லா எழுத்துருவும் இரண்டையும் சேர்த்துக் காட்டுவதில்லை.